'அசுர' என்ற சொல்லுக்கு வேர் தேட எந்த நூல்?

வேதச் சொல் ஒன்று பிடிபடவில்லை என்றால் போய்ப் பார்க்க நான்கு நூல்கள் உண்டு: வேதச் சொற்களுக்கு வேர் சொல்லும் பழைய நூலான யாஸ்கரின் நிருக்தம், கிராஸ்மனின் ரிக்வேத அகராதி (1873), மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத–ஆங்கில அகராதி (1899), மாயர்ஹோஃபரின் சொற்பிறப்பியல் அகராதி (1986–2001). 'அசுர' என்பதை நான்கிலும் தேடினால் எது எதற்கு உதவும் என்று தெரிந்துவிடும்.

நிருக்தம் (3.8) ஒரே மூச்சில் பல விளக்கங்களை அடுக்குகிறது. இடத்தை விட்டுத் தள்ளப்பட்டவர்கள் என்கிறது. 'அசு' என்ற உயிர்மூச்சோடும் முடிச்சுப் போடுகிறது. பெயர்ச்சொல் எல்லாம் வினையிலிருந்தே பிறந்தது என்பது யாஸ்கர் கட்சி. வேர் சொல்லாமல் விடவே கூடாது என்பது அவர் விதி. ஆகவே சொற்பிறப்புக்கு இதை நம்ப முடியாது. ஆனால் அவர் காலத்திலேயே எந்தச் சொற்கள் புரியாமல் போயிருந்தன என்பதற்கு 4 முதல் 6 வரையிலான அத்தியாயங்களைப் போல் சாட்சி கிடையாது.

மோனியர் வில்லியம்ஸில் தேவன் என்று பொருள்படும் 'சுர' என்ற பதிவையும் பாருங்கள். 'அசுர'வை அ+சுர என்று பிரித்ததால் பிறந்த சொல்லாக இருக்கலாம் என்கிறார். இந்த அகராதியில் ஒரு பொருளுக்கு 'எல்.' (L.) என்ற குறி இருந்தால் உஷார்: அந்தப் பொருள் பழைய நிகண்டுகளில் மட்டும் உண்டு, நூல் வழக்கில் எடுத்துக்காட்டு இல்லை. வேர் விஷயத்திலும் ஊகங்கள் அதிகம். 'மயூர'வுக்குக் கத்துதல் என்ற பொருளுள்ள 'மா' வேர் என்கிறார். பர்ரோ–எமனோவின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியோ அதை நம் மயிலோடு சேர்க்கிறது.

தொடங்க வேண்டிய இடம் கிராஸ்மன்தான். ரிக்வேதத்தில் சொல் வரும் இடங்களை வேற்றுமை உருபுவாரியாகத் தருகிறார். 'அசுர' வருணன் போன்ற தேவர்களுக்கே அடைமொழியாக வருவதை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம். அவர் தரும் ஜெர்மன் பொருள் பழசு. இடப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பலர் தடுக்குவது எண்ணில்: அவர் சூக்தங்களை (ரிக்வேதப் பாடல்களை) மண்டலம் பிரிக்காமல் 1 முதல் தொடர்ச்சியாக எண்ணுகிறார். 3.45, அதாவது மூன்றாம் மண்டலத்தின் 45ஆம் சூக்தம், அவரிடம் 279; 10.106 அவரிடம் 932.

பிறப்புக்கு மாயர்ஹோஃபர். பழைய ஈரானிய மறைநூலான அவெஸ்தாவின் 'அஹுர'வோடு ஒப்பிட்டு, முந்தையோர் கருத்துகளை எடைபோடுகிறார். தெளிவில்லாத இடத்தில் தெளிவில்லை என்றே எழுதிவிடுவார். வேதச் சொற்கள் முதல் இரண்டு தொகுதிகளில், பிற்காலச் சொற்கள் மூன்றாவதில்.

எதில் தேடினாலும் தமிழ் எழுத்துக்கூட்டலை நம்பிப் போகாதீர்கள். நாம் சொல்லும் கதையும் பீமன் தூக்கிய கதையும் தமிழில் ஒன்றுதான். நாகரியில் முதலாவது 'कथा', இரண்டாவது 'गदा'.