'கிரெடிட் டிரான்ஸ்ஃபர்' என்று சொல்லி அப்பாவிடம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் வாங்கினார்கள்

இன்ஜினியரிங்கை நடுவில் விட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைப் படித்துவிடுங்கள். "அரியர் இருந்தாலும் பரவாயில்லைங்க, கிரெடிட் டிரான்ஸ்ஃபர்ல நேரா ஃபைனல் இயர், ஒரே வருசத்துல டிகிரி" என்று போன் வந்தால், ஒன்றே ஒன்று கேளுங்கள்: முதல் இரண்டு வருட மார்க் ஷீட்டில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்?

என் தம்பி 2019ல் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்தான். மூன்றாம் வருடத்தில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, ஃபீஸ் கட்ட வழியில்லாமல் 2022ல் நின்றுவிட்டான். அரியர் மட்டும் பதினொன்று. நின்ற பிள்ளைகளின் நம்பர் இந்த ஆட்களுக்கு எப்படித்தான் கிடைக்கிறதோ, கொஞ்ச நாளில் கோவையிலிருந்து ஒரு கன்சல்டன்சி கூப்பிட்டது.

ஆபீஸ் நன்றாகவே இருந்தது. ஏசி, கண்ணாடிக் கதவு, சுவர் நிறைய வடநாட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களின் சின்னங்கள். அங்கே இருந்தவர் அப்பாவிடம் பேசிய பேச்சுதான் முக்கியம். "மத்திய அரசே ஏபிசின்னு ஒண்ணு கொண்டாந்திருக்குதுங்க ஐயா. பேங்க்ல பணம் போட்டு வைக்கிற மாதிரி கிரெடிட்டப் போட்டு வைக்கலாமுங்க. தம்பி படிச்சது ஒண்ணும் வீணாகாதுங்க." அப்பா நம்பினார். ஏபிசி (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ், அதாவது தேறிய பேப்பருக்குக் கிடைக்கும் கிரெடிட் என்ற புள்ளிகளைச் சேர்த்து வைக்கும் கணக்கு) நிஜமாகவே இருக்கிறது, அதனால்தான் இந்தப் பேச்சு எடுபடுகிறது.

பணம் மூன்று தவணையில் போனது. டி.சி., பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல், செமஸ்டர் மார்க் ஷீட் எல்லாவற்றையும் "அட்மிஷனுக்கு அனுப்பணும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாணவரின் ஒரிஜினலைக் கல்லூரியே பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018ல் அறிவித்திருக்கிறது. இவர்கள் கல்லூரிகூட இல்லை.

சில மாதம் கழித்துக் கூரியரில் ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது. உள்ளே ஆறு செமஸ்டர் மார்க் ஷீட், பளபளவென்று ஹாலோகிராம். ஆறிலும் அந்த வடநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான். அதாவது 2019லிருந்தே தம்பி அங்கேதான் படித்தானாம். பதினோரு அரியரும் எழுபதுக்கு மேல் மார்க்காக மாறியிருந்தன. இரண்டாம் செமஸ்டர் தாளில் தேர்வு நடந்த மாதம் மே 2020. நாடே ஊரடங்கில் கிடந்த மாதம் அது. தம்பி வீட்டு மொட்டை மாடியில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தான். அதைவிட அசிங்கம் வரிசை எண். மூன்று வருட இடைவெளியில் அச்சான தாள்கள் என்கிறார்கள், ஆனால் ஆறு தாளின் எண்ணும் அடுத்தடுத்து ஓடுகின்றன. ஒரே நாளில் ஒரே கட்டிலிருந்து உருவியிருக்கிறார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவுக்குப் பதிவெண்ணைப் போட்டு மெயில் அனுப்பினேன். அப்படி ஒரு மாணவர் எங்கள் பதிவேட்டிலேயே இல்லை என்று பதில் வந்தது. நல்லவேளை, அந்தத் தாளை வைத்துத் தம்பி எங்கேயும் வேலைக்கு விண்ணப்பிக்கவில்லை. கம்பெனிகள் சான்றிதழ் சரிபார்க்கும்போது இதே கேள்வியைத்தான் பல்கலைக்கழகத்திடம் கேட்கும். அப்போது போலிச் சான்றிதழ் கொடுத்தவன் என்று நிற்பது பையன்தான், கன்சல்டன்சி இல்லை.

உண்மையான ஏபிசி எப்படி என்று அப்புறம் தேடிப் படித்தேன். யுஜிசி விதிமுறை வந்தது 2021 ஜூலையில். டிஜிலாக்கர் வழியாக நாமே இலவசமாக ஐடி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கிரெடிட்டை நாம் ஏற்ற முடியாது, ஏஜென்டும் ஏற்ற முடியாது. படித்த நிறுவனம்தான் ஏற்ற வேண்டும், அதுவும் 2021-22 கல்வியாண்டு முதல் வாங்கிய கிரெடிட்டுகள்தான் செல்லும். தம்பியின் முதல் இரண்டு வருடம் அதற்கு முந்தியது, கணக்கிலேயே வராது. தேறாத பேப்பருக்கு கிரெடிட்டே கிடையாது என்பதால் அரியர் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் பாஸாக மாறாது. எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறதோ அங்கேயே குறைந்தது பாதி கிரெடிட் எடுத்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அப்புறம் எங்கிருந்து வரும் 'ஒரே வருசத்துல டிகிரி'?

முறையாக மாறினால் பழைய மார்க் ஷீட் பழைய பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே இருக்கும். புதிய இடத்தில் இரண்டு சிலபஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது பொருந்துகிறது, எந்தப் பேப்பரைக் கூடுதலாக எழுத வேண்டும் என்று எழுத்தில் தருவார்கள். அந்தக் கடிதம் கையில் வராமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். கட்டுவதும் பல்கலைக்கழகத்தின் கணக்கில் போகட்டும், தனிநபரின் ஜிபேயில் அல்ல. "தொலைதூரக் கல்வியில் பி.டெக். முடித்துத் தருகிறோம்" என்று இன்னொரு கூட்டமும் சுற்றுகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியில்லாமல் தபாலில் தந்த இன்ஜினியரிங் பட்டங்கள் என்ன ஆயின என்பதற்கு 2017 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள்.

மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் போனதுமே ஒரிஜினல் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. பணம் வரவில்லை. அவர்கள் கொடுத்த ரசீதில் 'கவுன்சலிங் சர்வீஸ் சார்ஜ்' என்றுதான் போட்டிருக்கிறார்கள், அட்மிஷன் என்ற சொல்லே இல்லை. கவுன்சலிங் கொடுத்துவிட்டோம், கணக்கு முடிந்தது என்கிறார்கள். நல்லவேளையாக, அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜை எல்லாம் அப்பா அழிக்காமல் வைத்திருந்தார். விசாரணையில் இப்போது கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

தம்பி பழைய கல்லூரியிலேயே ரீஅட்மிஷன் போட்டுவிட்டான். ரெகுலேஷன் (பாடத்திட்ட விதி) மாறிவிட்டதால் கூடுதலாகச் சில பேப்பர் எழுத வேண்டியிருக்கிறது, போன வாரம்தான் அதற்கான லிஸ்ட் கொடுத்தார்கள். அந்தக் கன்சல்டன்சி வேறு பெயரில், அதே கட்டடத்தின் மேல் மாடியில், இப்போதும் நடக்கிறது.