ஊதா மூடி ட்யூபும் என் யூரோப்பியம் ரீடரும்: 7 வருடப் பாடு

ஆரணியில் லேப் வைத்திருக்கும் நண்பன் போன வாரம் போன் பண்ணினான். பழைய டைம் ரிசால்வ்ட் ரீடர் (ஒளி அடித்து, கொஞ்சம் பொறுத்து மிச்ச ஒளியை அளக்கும் மெஷின்) ஒன்று, பிளேட் கழுவும் வாஷரோடு சேர்த்து பாதி விலைக்கு வருகிறதாம். "நீ 7 வருஷமா ஓட்டுறியே, வாங்கலாமாடா?" என்றான். என் ரீடர் பிளாஷ் லாம்ப் போய், பதினைந்து நாள் படுத்துக் கிடந்து, அன்றைக்குத்தான் சரியாகி வந்திருந்தது. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அவனுக்கு நியாயமான பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது காட்பாடிப் பக்கம் சின்ன லேப். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ரத்தத்தைக் கார்டில் சொட்டு விட்டுக் காயவைத்து அனுப்புவார்கள். அதில் 3.2 மில்லிமீட்டர் வட்டம் பஞ்ச் செய்து, குழிக்குழியான பிளேட்டில் போட்டு, டிஎஸ்ஹெச், 17-ஓஹெச்பி என்ற இரண்டு ஹார்மோனும் பார்க்கிறோம். முதலாவது தைராய்டுக்கு (தைராய்டு வேலை செய்யாவிட்டால் டிஎஸ்ஹெச் ஏறும்), அடுத்தது அட்ரினல் சுரப்பிக் கோளாறுக்கு.

மெஷினைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 340 நானோமீட்டரில் ஒளி அடித்தால் பிளேட்டின் பிளாஸ்டிக், காய்ந்த ரத்தத்தில் இருப்பது, தூசி எல்லாமே கொஞ்சம் மினுங்கும். ஆனால் அந்த மினுக்கம் நானோ நொடிகளில் அடங்கிவிடும். டெஸ்ட்டில் அடையாளமாகக் கட்டிவிடும் உலோகமான யூரோப்பியம் மட்டும் நூற்றுக்கணக்கான மைக்ரோ நொடிக்கு 615 நானோமீட்டர் பக்கத்தில் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும். ரீடர் 400 மைக்ரோ நொடி சும்மா இருந்துவிட்டு அப்புறம்தான் கண்ணைத் திறக்கிறது. கல்யாண வீட்டில் மேளம் ஓய்ந்த பிறகு பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்குமே, அந்த மாதிரி. ஒரு வட்டக் காய்ந்த ரத்தத்தில் இருக்கும் துளியூண்டு ஹார்மோனை இவ்வளவு சுத்தமாகப் பிடிப்பதை இத்தனை வருடம் கழித்தும் நின்று பார்க்கிறேன். பிளேட்டை வாசிக்கும்போது கரண்ட் போனாலும் பதற வேண்டாம். வந்த பிறகு திரும்ப வாசித்தால் கவுண்ட், அதாவது ஒளியின் அளவு, அப்படியே நிற்கும். மே மாதத்து வேலூரில் இது சின்ன விஷயமில்லை.

இனி வயிற்றெரிச்சல்.

யூரோப்பியத்தை ஆன்டிபாடியோடு (ஹார்மோனைப் பிடிக்கும் புரதம்), 17-ஓஹெச்பி டெஸ்ட்டில் ஹார்மோனோடே, கட்டி வைப்பது ஒரு கிலேட். உலோகத்தைப் பல கைகளால் சுற்றிப் பிடிக்கும் ஒரு மூலக்கூறு. இந்த முதல் பிடியில் இருக்கும்போது அது ஒளிரவே ஒளிராது என்று சொல்லலாம். கடைசியில் ஊற்றும் அமிலக் கரைசல் யூரோப்பியத்தை விடுவித்து இன்னொரு கிலேட்டின் கையில் கொடுக்கும், அங்கேதான் வெளிச்சம். முதல் பிடி கடைசிவரை விடக்கூடாது என்பதுதான் முழு ஏற்பாடும். அந்த முதல் பிடிக்கு யார் பங்காளி தெரியுமா? இடிடிஏ. ஒரே அமினோ பாலிகார்பாக்சிலிக் குடும்பம். ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் இருக்கக் கால்சியத்தைப் பிடித்து வைக்கிறதே, அதேதான். பங்காளி வீட்டுக்குள் வந்தால் சொத்தைப் பிடுங்காமல் போவானா? அங்கே கட்டியிருக்கும் யூரோப்பியத்தை உருவிக்கொண்டு வாஷ் தண்ணீரோடு போய்விடும்.

ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்று கார்டுகள். மூன்றிலும் டிஎஸ்ஹெச் தரையில் கிடக்கிறது, 17-ஓஹெச்பி வானத்தில் நிற்கிறது. என் கை மேல்தான் முதலில் சந்தேகம். திரும்பப் போட்டேன். கலிபிரேட்டர், கண்ட்ரோல் என்று அளவு தெரிந்த மாதிரிகள் எல்லாம் சரி, இந்த மூன்று மட்டும் அதே கதை. போன் போட்டேன். "குழந்தை ரொம்ப அழுதுச்சு சார். வேற டெஸ்ட்டுக்கு எடுத்த ட்யூப்லேருந்தே சொட்டு விட்டுட்டோம்." என்ன மூடி சிஸ்டர்? "ஊதா."

கத்தத்தான் தோன்றியது. அப்புறம் யோசித்தால், இரண்டாவது முறை குத்தவேண்டாம் என்று இரக்கப்பட்ட கையை என்ன சொல்வது. கிட்டோடு வரும் தாளில் இடிடிஏ கூடாது என்று தெளிவாகத்தான் போட்டிருக்கிறது. ஆனால் அந்தத் தாள் என் டிராயரில் இருக்கிறது, அவர்கள் வார்டில் இல்லையே.

ஒரே தப்பு, இரண்டு டெஸ்ட்டில் எதிரெதிராகப் பொய் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். டிஎஸ்ஹெச் சாண்ட்விச் முறை, ஹார்மோனை இரண்டு ஆன்டிபாடிக்கு நடுவில் பிடிப்பது; ஒளி குறைந்தால் ஹார்மோன் குறைவு என்று அர்த்தம். 17-ஓஹெச்பி போட்டி முறை, குழந்தையின் ஹார்மோனும் யூரோப்பியம் கட்டிய ஹார்மோனும் ஒரே இடத்துக்கு முட்டிக்கொள்வது; அங்கே ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம். பின்னதாவது பெற்றோரைப் பயமுறுத்தும், திரும்ப ரத்தம் எடுப்பார்கள், உண்மை வெளிவந்துவிடும். முன்னது சத்தமே போடாது. தைராய்டு இல்லாத குழந்தையை நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பிவிடும். ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் வரும் குறை அது. முதல் சில வாரங்களுக்குள் மாத்திரை தொடங்காவிட்டால் மூளை வளர்ச்சி போய்விடும்.

அன்றிலிருந்து நாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு கார்டு கட்டிலும் 'ஊதா மூடி வேண்டாம்' என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். அப்படியும் அவ்வப்போது ஒன்று வரத்தான் செய்கிறது.

மற்ற தொல்லைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். யூரோப்பியம் எங்கே சிந்தினாலும் அமிலக் கரைசல் பட்டால் ஒளிரும், அந்தக் கரைசலுக்குத் தனி பிப்பெட் வைக்காவிட்டால் கெட்டீர்கள். வாஷருக்கு டீஅயனைஸ்டு தண்ணீர் மட்டும். புதுப் பையன் ஒருநாள் நம்மூர் போர் தண்ணீரை ஊற்றி வைத்தான், ஊசியெல்லாம் உப்பு. கழுவாத குழியில் ஒட்டாத யூரோப்பியமும் சேர்ந்து எரிய, பிளேட் முழுக்கத் தீபாவளி.

சரி, நண்பனுக்கு என்ன பதில்? நீ என்ன டெஸ்ட் போடப் போகிறாய் என்று கேட்டேன். "முதல்ல டிஎஸ்ஹெச் மட்டும்தான், மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். அப்படியென்றால் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். எனக்கு அந்த மூன்று கார்டைக் காட்டிக்கொடுத்தது 17-ஓஹெச்பிதான். அவனுக்குக் காட்டிக்கொடுக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

போனை வைக்கும்முன் இன்னொன்றும் சொன்னேன். "நீ எடுக்கலைன்னா அவங்க நம்பரை எனக்கு அனுப்புடா, அந்த லாம்ப்பும் வாஷரும் என்னோடதுக்கு ஸ்பேரா ஆகும்."