குதிரை நடக்கும் கால்வாய்ப் பாலம்: மரப்பலகையா, காங்கிரீட்டா?

செட்டிநாட்டுக் கண்மாய்களின் வரத்துக்கால்வாய்கள் மீதுள்ள நடைபாலங்கள் மனிதர் நடக்கப் போட்டவை. 400 முதல் 500 கிலோ எடையுள்ள குதிரை நடக்கையில் அந்தப் பாரம் சில குளம்புகளில் மட்டும் இறங்கும். பழைய பலகை உடைவது அங்கேதான்.

மரத்தளம் செலவு குறைவு, ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். 5 செ.மீ. கனப் பலகையை நடக்கும் திசைக்குக் குறுக்கே போடுங்கள். ஆணி வேண்டாம், போல்ட் போட்டு முடுக்குங்கள். ஆணி மேலெழுந்து குளம்பில் ஏறும். பழைய வீட்டுத் தேக்கு கிடைத்தாலும் துளை விழுந்த துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள். பெரிய தொல்லை கரையானும் ஐப்பசி மழைப் பாசியும். இன்னொன்று சத்தம்: அடியில் வெற்றிடம் இருப்பதால் தளம் முரசுபோல் அதிரும், பழகாத குதிரை நின்றுவிடும். ரப்பர் விரிப்பு அதைக் குறைக்கும்.

காங்கிரீட் அதிராது. 3 மீட்டர் இடைவெளிக்கு 15 செ.மீ. கனம், அடியில் 12 மி.மீ. கம்பி 15 செ.மீ.க்கு ஒன்று; இறுதி அளவைப் பொறியாளர் பார்க்கட்டும். மேற்பரப்பைக் கரணையால் மழமழவென்று தேய்த்தால் லாடம் வழுக்கும். ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கோடிழுங்கள்.

எதுவானாலும் கைப்பிடி 1.8 மீட்டர் உயரம், அந்தக் கைப்பிடியின் கீழ்ப்பகுதியில் 60 செ.மீ. உயரத்துக்கு அடைப்பு வேண்டும். கரையில் படிபோல் மேடு விடாமல் கிராவல் கொட்டிச் சரிவாக்குங்கள். கரைக்குக் கரை இடைவெளி 2 மீட்டருக்குள் என்றால் மரம் போதும்; அதற்கு மேல் காங்கிரீட்தான்.