ஃப்ளோட் பவுலின் நான்காவது திருகாணி

என் வண்டியில் இருப்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் பொருத்திய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். மைலேஜ், இழுவை, இருக்கை வசதி பற்றியெல்லாம் பலர் போதிய அளவு எழுதிவிட்டதால் அவற்றுக்குள் நான் போகவில்லை. பல ஆண்டுகள் ஓட்டிய பிறகு எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம், கார்புரேட்டரின் அடியில், பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலைப் பிடித்திருக்கும் நான்கு சிறிய திருகாணிகளைப் பற்றியதுதான். எஞ்சினை ஒட்டிய பக்கத்தில் தலை வழுக்கிப்போய் அசைய மறுத்த ஒன்றைக் கழற்றி முடித்த கையோடு இதை எழுதுகிறேன்.

கார்புரேட்டருக்கு உரிய பாராட்டை முதலில் சொல்லிவிட வேண்டும். வண்டி சில வாரங்கள் ஓடாமல் நின்றால் பவுலில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசுபிசுப்பான படிவை விட்டுச் செல்கிறது. ஐடிலிங்கின்போது, அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாமல் எஞ்சின் ஓடும்போது, பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் முதலில் அடைபடுவது அதுதான். சோக் இழுத்திருக்கும் வரை ஓடும் எஞ்சின், சோக்கை விட்டதும் நின்றுவிடுகிறது. பவுலைத் திறந்து, ஜெட்டைக் கழற்றிக் கார்ப் கிளீனர் அடித்து, காற்று ஊதி மறுபடி மாட்டினால் ஐடிலிங் சீராகிவிடும். சென்சாரும் இல்லை, கணினியை இணைத்துப் பார்க்கும் தேவையும் இல்லை. உள்ளே நடப்பது முழுவதையும் உரிமையாளரே கண்ணால் பார்த்து, புரிந்துகொண்டு, தம் கையாலேயே சரிசெய்ய முடிகிற இப்படியொரு பாகம் இன்றைய வண்டிகளில் அரிது என்பதை மனமார்ந்த மதிப்புடன் சொல்கிறேன்.

அவ்வளவு எளிமையும் நான்கு ஸ்டார் தலைத் திருகாணிகளுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடப்பதுதான் எனக்குத் தீராத எரிச்சல். நான்கு மில்லிமீட்டர் மரை கொண்ட இவை மென்மையான எஃகால் ஆனவை. இறங்கியிருப்பதோ அலுமினிய வார்ப்புக்குள். மேற்பூச்சு தேய்ந்த பிறகு ஈரம் புகுந்தால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியத்திலிருந்து வரும் வெள்ளைப் பொடி மரைக்குள் இறுகிவிடுகிறது. அந்த இறுக்கத்தை வெல்ல எவ்வளவு விசை வேண்டுமோ, அவ்வளவு விசையை அந்தத் தலையில் உள்ள பள்ளம் தாங்குவதில்லை.

நியாயமாகப் பார்த்தால், ஸ்டார் பள்ளம் உருவானதற்குத் தக்க காரணம் உண்டு. ஹென்றி பிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்ற வடிவம், விசைக் கருவியின் முனை தானாகவே நடுவில் வந்து அமர்வதால் தொழிற்சாலை வரிசைகளில் வேகமாகப் பரவியது. மாட்டுகிறவருக்கு அது வரம். பல ஆண்டுகள் கழித்துக் கழற்றுகிறவரைப் பற்றி அந்த வடிவத்துக்கு அக்கறை இல்லை. இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஜப்பானிய வடிவமைப்பைக் கொண்ட கார்புரேட்டர்களில் இருப்பது பெரும்பாலும் ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானியத் தொழில் தரத்துப் பள்ளம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தாலும் மூலைகளின் வளைவு வேறு. சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் அடிவரை அமராமல், அழுத்தித் திருப்பும்போது மேலேறி விளிம்புகளைச் சிதைக்கிறது. தலையில் ஒரு சிறு புள்ளிக்குழி தெரிந்தால் ஜே.ஐ.எஸ். முனை கொண்ட ஸ்க்ரூடிரைவரைத் தேடுவது நல்லது. என் கருவிப் பெட்டியில் உள்ளவற்றுள் அதிக மதிப்பு நான் வைத்திருப்பது அந்த இரண்டாம் எண் ஸ்க்ரூடிரைவர் மீதுதான். மற்ற மூன்று திருகாணிகளும் அதற்கு உடனே இணங்கின.

நான்காவது, முன்பு வண்டி போன ஒரு பட்டறையிலேயே கெட்டுப்போயிருந்தது. கார்புரேட்டரை இறக்காமல், குட்டை ஸ்க்ரூடிரைவரைச் சாய்வாகச் செருகித் திருப்பியிருக்கிறார்கள் என்பது பள்ளத்தின் ஒரு பக்கம் மட்டும் வழித்தெடுத்ததுபோல் இருந்ததிலிருந்தே தெரிந்தது. இரண்டு கிளாம்புகளையும் கேபிளையும் கழற்றிக் கார்புரேட்டரை மேசைக்குக் கொண்டுவரும் அந்தச் சிறிது நேரத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

பெட்ரோலை முழுவதும் வடித்து, காற்றோட்டமான இடத்தில் உலரவிட்டு, மரைக்குள் இறங்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்தேன். வால்வ் கிரைண்டிங் பேஸ்ட்டை முனையில் தடவினால் பிடிப்பு சற்றுக் கூடும். கூடியது, ஆனால் போதவில்லை. ஹேர் டிரையரால், தொட்டால் சுடும் அளவுக்குச் சூடாக்கினேன். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால் மரை சற்றுத் தளர வாய்ப்பு உண்டு. தீச்சுடரைப் பெட்ரோல் புழங்கிய பாகத்தின் அருகே கொண்டுபோகவே கூடாது. உள்ளே உள்ள பிளாஸ்டிக் ஃப்ளோட்டும் ரப்பர் முனையும்கூட அதிகச் சூட்டைத் தாங்கா. தலை ஒரு குழிக்குள் அமர்ந்திருந்ததால் வைஸ் கிரிப்பால் கவ்வவும் முடியவில்லை, ஹேக்ஸா பிளேடால் புதிய வெட்டுப் போடவும் முடியவில்லை. சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரைப் பலர் பரிந்துரைப்பார்கள். எஞ்சின் கவருக்கு அது அருமையான கருவி. திருகாணி இறங்கும், கார்புரேட்டரின் மெல்லிய காதுகளில் அந்த அடி விழுவதை நான் ஏற்கமாட்டேன். திருகாணிக்குள் துளையிட்டு, அதில் இறக்கி எதிர்ப்பக்கம் திருப்பிக் கழற்றும் எக்ஸ்ட்ராக்டரையும் தவிர்த்தேன். இந்த அளவுத் திருகாணிக்கு ஏற்ற எக்ஸ்ட்ராக்டர் மிகவும் மெலிதாக இருக்கும்; அது உள்ளே முறிந்தால், கடினப்படுத்திய அந்த எஃகைச் சாதாரண ட்ரில் பிட் தொடவே தொடாது.

கடைசியில் கைகொடுத்தது, தலையை மட்டும் ட்ரில் செய்து எடுக்கும் வழி. சிதைந்த பள்ளத்தின் நடுவில் பஞ்ச் வைத்துப் புள்ளி குத்தி, சிறிய பிட்டில் தொடங்கி நான்கு மில்லிமீட்டர் பிட்டில் முடித்து, தலையின் ஆழத்துக்கு மேல் போகாமல் மெதுவாக இறக்கினால் தலை வளையமாகப் பிட்டோடு வந்துவிடும். அதன் பிறகு நடந்தது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. பவுலைத் தூக்கியதும் மேலே நீட்டிக்கொண்டிருந்த தண்டு, கொறடால் பிடித்துத் திருப்பிய மாத்திரத்தில் சுழன்று வெளியே வந்தது. இறுக்கத்தின் பெரும்பகுதி தலைக்கும் பவுலுக்கும் இடையிலான அழுத்தத்தில்தான் இருந்திருக்கிறது. தலை போனதும் அந்த அழுத்தமும் போய்விட்டது. மரையில் ஒரு கீறல்கூட இல்லை.

இப்போது நான்கு இடத்திலும் அதே நீளத்தில், அறுகோணப் பள்ளம் கொண்ட ஸ்டெயின்லெஸ் ஆலன் போல்ட்டுகள் இருக்கின்றன. நீளம் கூடினால் துளையின் அடியில் முட்டி வார்ப்பை உடைக்கும் என்பதால் பழையதோடு வைத்து அளந்தே வாங்க வேண்டும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் அலுமினியத்துக்கும் இடையிலும் அரிப்பு வரும். அதனால் மரையில், இறுகிப்போகாமல் காக்கும் ஆன்ட்டி-சீஸ் பசை தடவியிருக்கிறேன். மூன்று மில்லிமீட்டர் ஆலன் கீ நல்ல பிடிப்பைத் தருவதால் வேண்டியதைவிட அதிகமாக இறுக்கிவிடும் ஆபத்தும் உண்டு. கீயின் நீண்ட பக்கத்தைத் துளையில் செருகி, குட்டைப் பக்கத்தை இரண்டு விரல்களால் திருப்பும் அளவே அதற்குப் போதும்.

கார்புரேட்டர் வண்டி வாங்கலாமா, கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் வண்டி வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். மேலே எழுதிய பாராட்டில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் இந்த வாரம் கேட்கிறவருக்கு என் பதில் இன்ஜெக்‌ஷன் என்பதுதான். தொழிற்சாலையிலேயே ஆலன் போல்ட் போட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். இதற்கு மேலும் பழைய கார்புரேட்டர் வண்டிதான் வேண்டும் என்றால், பணம் கொடுப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பவுலின் நான்கு தலைகளையும் பாருங்கள், முக்கியமாக எஞ்சின் பக்கம் இருப்பதை. பள்ளத்தின் விளிம்பு மழுங்கியிருந்தால், விற்கிறவரையே அதைக் கழற்றி மாற்றித் தரச் சொல்லுங்கள்.