வியன்னாவில் துண்டு போட்டு இடம் பிடித்தேன்

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் இருநூறு யூரோவுக்கு மேல் கொடுத்திருப்பார். நான் இருபது யூரோகூடக் கொடுக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கம்பித் தடுப்புதான். அவர் உட்கார்ந்து பார்த்தார், நான் நின்று பார்த்தேன்.

ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவில் உள்ள ஸ்டேட் ஆபரா என்ற இசை நாடக அரங்கின் நின்று பார்க்கும் இடத்தைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். மற்றதெல்லாம் அதையொட்டித்தான். என் வயது 61, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், சைவம், இடது முட்டி கொஞ்சம் தகராறு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நவம்பரில் ம்யூனிக்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது வியன்னாவுக்கு நான்கு நாள் ஒதுக்கிக்கொண்டோம். ரயிலில் நான்கு மணி நேரம்தான்.

முதல் நாள் மாலையே ஏமாந்தோம். ஆபரா வாசலிலும் ஸ்டீஃபன் தேவாலயத்தைச் சுற்றியும் வெள்ளை விக்கும் பட்டுக் கோட்டும் போட்ட ஆட்கள் கச்சேரி டிக்கெட் விற்றுக்கொண்டு நின்றார்கள். பார்க்க இசைமேதை மொசார்ட் காலத்து ஆள் மாதிரியே இருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம் ஆளுக்கு ஐம்பது யூரோவுக்கு மேல் கொடுத்து ஒரு சின்ன மண்டபத்தில் போய் உட்கார்ந்தோம். தெரிந்த மெட்டாகப் பார்த்து நான்கைந்து நிமிடம், உடனே அடுத்தது. செல்போன் ரிங்டோனை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டியது போல இருந்தது. வாசித்தவர்கள் மேல் குறையில்லை. ஆனால் அந்தப் பணத்தில் மூன்று இரவு ஆபரா பார்த்திருக்கலாம் என்று மறுநாள்தான் தெரிந்தது.

ஆபராவில் நிற்பதற்கென்றே 400க்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு. கீழே பார்ட்டெர், மேலே பால்கனி, அதற்கும் மேலே காலரி. கீழே உள்ளதுதான் ராஜ இடம். அந்தக் காலத்தில் சக்கரவர்த்தி உட்கார்ந்த நடு மாடத்துக்கு நேர் கீழே, மேடையைப் பார்த்தபடி. மகள் அன்று காலை இணையத்தில் டிக்கெட் எடுத்துவிட்டு, “அம்மா, மூணு மணி நேரம் நிப்பியா? அப்புறம் என்னைத் திட்டக் கூடாது” என்றாள். ரேஷன் கடையிலும் திருப்பதியிலும் நின்ற காலா இது, சரி வா என்றேன்.

உள்ளே போனதும் எல்லோரும் கழுத்தில் இருந்த மஃப்ளரை அவிழ்த்துத் தடுப்புக் கம்பியில் கட்டினார்கள். கட்டிவிட்டு வெளியே போய்விட்டார்கள்! அந்த இடம் அவர்களுடையது. யாரும் தொடுவதில்லை, சண்டைக்கு வருவதில்லை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டுமா? என் மஃப்ளரையும் கட்டிவிட்டு, கோட்டைக் காப்பறையில் கொடுத்துவிட்டுக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கப் போனேன்.

கட்டடத்துக்கு ஒரு சோகக் கதை இருக்கிறது. கட்டிக்கொண்டிருக்கும்போதே எதிரே உள்ள ரிங்ஸ்ட்ராஸே சாலையை ஒரு மீட்டர் அளவுக்கு உயர்த்திவிட்டார்களாம். கட்டடம் பள்ளத்தில் இறங்கியது போல ஆனது. மூழ்கிய பெட்டி என்று ஊரே கேலி பேசியது. வடிவமைத்த இருவரில் ஃபான் டெர் நியுல் 1868ல் தற்கொலை செய்துகொண்டார், சிக்கார்ட்ஸ்புர்க் சில வாரங்களில் நோயில் போய்ச் சேர்ந்தார். 1869ல் திறப்பு விழாவைப் பார்க்க இருவருமே இல்லை. 1945 மார்ச்சில் குண்டு விழுந்து அரங்கும் மேடையும் எரிந்தன. முகப்பும் பெரிய படிக்கட்டும் தப்பின. 1955ல் பீத்தோவனின் ‘ஃபிடேலியோ’வோடு மறுபடி திறந்தார்கள். அதனால் படிக்கட்டுப் பக்கம் பொன்னும் ஓவியமுமாக மின்னும், அரங்குக்குள் போனால் கொஞ்சம் அடக்கமாக இருக்கும். உள்ளேயும் அரண்மனையை எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள்.

அன்று ‘டோஸ்கா’ என்ற இசை நாடகம். 1958ல் உருவாக்கிய அதே அரங்க அமைப்பை இன்னும் வைத்து நடத்துகிறார்கள். நிற்கிறவர்களுக்கும் கம்பியிலேயே சின்னத் திரை, அதில் ஆங்கிலத்தில் வரிகள் ஓடும். கதை புரியாமல் போக வழியில்லை. விளக்கு மங்கியதும் ஓபோ என்ற ஊதுகுழல் ஒரு ஸ்வரம் கொடுக்க, மேடைக்கு முன்னால் இருக்கும் குழி முழுக்க உள்ள வாத்தியங்கள் அதோடு சுருதி சேர்த்துக்கொண்டன. எனக்கு அப்போதே கண் கலங்கிவிட்டது. வியன்னா ஃபில்ஹார்மானிக் என்ற புகழ்பெற்ற இசைக்குழுவின் உறுப்பினர்கள் இந்த ஆபரா வாத்தியக் குழுவிலிருந்துதான் வருகிறார்கள்.

இன்னொரு விஷயம், மைக் கிடையாது. நம் சபாக்களில் முதல் அரை மணி நேரம் பாடகர் மைக்காரரோடு கையால் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பழகியவள் நான். இங்கே முதல் அங்கம் முடியும்போது தேவாலய மணி, பீரங்கிச் சத்தம், சேர்ந்திசை, அத்தனைக்கும் மேலே வில்லன் ஸ்கார்பியாவின் வெறும் தொண்டை! நின்றுகொண்டிருக்கிறேன் என்பதே மறந்துபோனது. இரண்டு இடைவேளையிலும் படிக்கட்டில் உட்கார்ந்து முட்டிக்கு ஓய்வு கொடுத்தேன். மூன்றாம் அங்கத்தில் முட்டி ஞாபகப்படுத்தத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன். இன்னும் நீளமான வாக்னர் நாடகம் போட்டால் நான் போக மாட்டேன், அதற்கு வேறு கால் வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஃபிரிட்டாட்டன் சூப். தோசையைக் கீற்றாக நறுக்கிப் போட்டது போலப் பார்க்க அப்பாவியாக இருக்கும், ஆனால் அது மிதப்பது மாட்டெலும்புச் சாற்றில். நல்லவேளை, மகள் முந்திக்கொண்டு கேட்டாள். அவள் ஷ்னிட்ஸல், அதாவது ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சி, சாப்பிட்டாள். வீனர் ஷ்னிட்ஸல் என்று மட்டும் எழுதியிருந்தால் கன்றுக்குட்டி இறைச்சி, பன்றி என்றால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். எனக்குக் கைசர்ஷ்மார்ன். கனமான இனிப்பு அடையைக் கொத்து பரோட்டா போலக் கிழித்துச் சர்க்கரைத் தூள் தூவி, வேகவைத்த ப்ளம் பழத்தோடு தருகிறார்கள். ஒரு தட்டு இருவருக்குத் தாராளம். திராட்சையை ரம்மில் ஊறவைக்கும் வழக்கம் உண்டு, வேண்டாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பி? 1880 முதல் இருக்கும் கஃபே ஷ்பெர்லில் மெலாஞ்ச் என்ற பால் நுரைக் காப்பி குடித்தேன். வெள்ளித் தட்டு, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். ஃபில்டர் காப்பிக்காரி என்ற முறையில் சொல்கிறேன், பால் நுரை அதிகம், டிகாக்ஷன் பலம் குறைவு. ஆனால் ஒரு கோப்பைக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். நாமாகக் கேட்டால்தான் பில் வரும். தண்ணீரைத்தான் நான் உண்மையில் மெச்சுவேன். ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர், 1873ல் போட்ட குழாய் வழியாக இறக்கத்திலேயே ஊருக்கு ஓடி வருகிறது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்தவர்களுக்குத்தான் அந்த டம்ளரின் அருமை தெரியும். பாட்டில் தண்ணீர் வாங்காதீர்கள்.

கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் இருபது யூரோவுக்கு மேல். எகிப்து மம்மி, தங்க உப்புக் கிண்ணம் எல்லாவற்றையும் வேகமாகக் கடந்து, 16ஆம் நூற்றாண்டு ஓவியர் ப்ரூகலின் அறைக்குப் போய்விடுங்கள். உலகிலேயே அவருடைய ஓவியங்கள் அதிகம் இருப்பது இங்கேதான், 12. ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ 1565ல் வரைந்தது. இவ்வளவு நாய்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒரே ஒரு நரியோடு திரும்பி வருகிறார்கள், பாவம். நான் நெடுநேரம் நின்றது ‘குடியானவர் கல்யாணம்’ முன்னால். அசல் பந்தி! கதவைப் பிடுங்கி அதையே தட்டாக்கிப் பரிமாறுகிறார்கள். கீழே ஒரு குழந்தை தட்டை வழித்து நக்குகிறது. பெண் பச்சைத் துணிக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள், மாப்பிள்ளை யாரென்றே தெரியவில்லை. தட்டைத் தூக்குகிறவர்கள் பக்கம் கால்களை எண்ணிப் பாருங்கள், ஒன்று அதிகமாக இருக்கும். அங்கே உட்கார மெத்தை சோபா போட்டிருக்கிறார்கள், அதற்காகவே கூட இரண்டு நட்சத்திரம் தரலாம்.

ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்களுக்கு ஆபரா கிடையாது, விடுமுறை. தேதி பார்த்து டிக்கெட் போடுங்கள்.

கடைசி இரவு மகள் களைத்துப்போய் அறையில் தங்கிவிட்டாள். நான் மட்டும் காலரிக்குப் போனேன். மேடை எறும்பளவுதான், ஆனால் ஒலி கீழே கேட்டதைவிடத் தெளிவு. மஃப்ளரைக் கட்டிவிட்டுத் திரும்பினேன். பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பாட்டி என் முடிச்சைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அவிழ்த்து, இறுக்கி மறுபடி கட்டிவிட்டார்.