கழிமுகத்தின் அடிநீரை அளக்கும் ஆக்சிஜன் மீட்டர்: ஒரு மதிப்புரை

வயல்களிலிருந்து வழிந்து வரும் உரச்சத்தும் சாக்கடை நீரும் கழிமுகத்து மீன்களை எந்த அளவுக்குப் பாதிக்கின்றன என்று அறிய விரும்புவோர் பெரும்பாலும் முதலில் வாங்குவது, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் நிறமாற்றத்தால் காட்டும் சோதனைப் பெட்டியைத்தான். ஆனால் பாசி பெருகிப் பச்சைப் பசேலென்று நிற்கும் நீரில்கூட அந்தப் பெட்டி சில வேளைகளில் நைட்ரேட் ஏறக்குறைய இல்லை என்றே காட்டும். கரைந்திருந்த சத்தைப் பாசி ஏற்கெனவே உறிஞ்சிக்கொண்டிருக்கும். மீன் மூச்சுவிட முடிகிறதா என்பதை நேரடியாகச் சொல்வது கரைந்த ஆக்சிஜனின் அளவே. அதனால்தான் ஒளியைக்கொண்டு ஆக்சிஜனை அளக்கும் ஒளியுணர் முனையும் பத்து மீட்டர் வடமும் கொண்ட கையடக்க ஆக்சிஜன் மீட்டருக்கு மாறினேன்.

இதன் பெரிய பலம் அந்த நீண்ட வடம். கழிமுகத்தில் ஆற்றின் நன்னீர் மேலேயும் கனமான கடல்நீர் கீழேயும் தனித்தனி அடுக்குகளாக நிற்கும்போது, மேலிருந்து ஆக்சிஜன் கீழே இறங்குவதில்லை. மடிந்த பாசி அடியில் படிந்து அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனையும் நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. வெயில் காயும் பிற்பகலில் மேற்பரப்பில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் காட்டிய கருவி, முனையை அரை அரை மீட்டராக இறக்கியபோது 6, 4 எனக் குறைந்து, சேற்றுக்குச் சற்று மேலே 2-க்கும் கீழே போனது. பொதுவாக 2 மில்லிகிராமுக்குக் கீழான நிலையையே ஆக்சிஜன் பற்றாக்குறை என்கிறார்கள். மேற்பரப்பை மட்டும் அளந்திருந்தால் நீர் நலமாக இருப்பதாகவே எழுதிவைத்திருப்போம். இரவெல்லாம் பாசியும் மூச்சுவிடுவதால், பொழுது விடிவதற்குச் சற்று முன் எடுக்கும் அளவே மிகக் குறைவாக இருக்கும். கருவியுடன் வரும் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மெல்லிய சவ்வு வழியே ஆக்சிஜனை உள்ளிழுத்து அளக்கும் பழைய வகைக் கருவிகளைப் போல முனையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்பது படகில் பெரிய வசதி. இதன் குறை, நீரின் உவர்ப்புக்கேற்ப அளவைத் திருத்தும் முறையில் இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் நன்னீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் என்றால், கடல்நீர் சுமார் 6.7 மட்டுமே தாங்கும். இக்கருவியில் உவர்ப்பை நாமே எண்ணாக உள்ளிட வேண்டும். உவர்ப்போ ஆழத்துக்கு ஆழம் மாறுகிறது. நன்னீர் அமைப்பிலேயே விட்டு அடிநீரை அளந்தால், உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டும். கழிமுகத்துக்கென்று விற்கும் கருவியில் உவர்ப்பு உணரியும் சேர்ந்திருக்க வேண்டாமா?

எண்ணைப் பார்த்து உடனே மீன் செத்துவிடும் என்று முடிவுகட்டவும் கூடாது. நீந்தத் தெரிந்தவை விலகிப் போய்விடும். சேற்றை ஒட்டி வாழும் நாக்கு மீனும் புழுக்களும் சிப்பிகளும்தான் முதலில் மாட்டிக்கொள்கின்றன. தப்பியவையும் ஆழங்குறைந்த விளிம்பில் நெருக்கியடித்து, இரை குறைந்து, பெரிய மீன்களுக்கு எளிதில் இரையாகின்றன. மெக்சிகோ வளைகுடாவின் ஆக்சிஜன் குறைந்த பகுதியில் கத்தாளை மீன்களின் முட்டை உற்பத்தி குன்றியிருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. மீன் செத்து மிதக்காத இடத்திலும் இனம் மெலிகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு: சத்து மிதமாகக் கூடும்போது மிதவையுயிர் தின்னும் சிறு மீன்கள் பெருகி, மொத்தப் பிடிப்பு கூடியதுபோலவே தோன்றலாம். இதையெல்லாம் எந்த மீட்டரும் காட்டாது. வலையில் விழும் இனங்களின் கணக்கையும் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

பராமரிப்பு எளிது. முனையின் மூடியில் படியும் வழவழப்பை மென்துணியால் துடைத்தால் போதும். முனை சேற்றில் புதைந்தால் மட்டும் அளவு பூச்சியத்தை ஒட்டிவிடும், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. தானாகப் பதிவுசெய்யும் வசதி இல்லாததால், இரவு முழுதும் நீரில் விட்டுவைக்க விரும்புவோர் பதிவுக்கருவி உள்ள வகையைப் பார்ப்பது நல்லது. படகிலிருந்து இடம் இடமாக அடிநீரைச் சோதிப்போர், கையில் தனியாக ஓர் உவர்ப்புமானி இருந்தால், இதைத் தயங்காமல் வாங்கலாம்.