காலை நடையா, மாலைப் பயிற்சியா, சாப்பிட்டதும் பத்து நிமிடமா?

பெங்களூரில் சுகர் என்று டாக்டர் சொல்லிவிட்டால் மறுநாளே நம்மவர்கள் கிளம்புவது லால்பாகுக்கோ அல்சூர் ஏரிப் பக்கமோதான், அதுவும் விடிந்தும் விடியாமலும். அந்த ஒழுங்கின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சர்க்கரையைக் குறைக்க அந்த நேரம் மட்டும் போதுமா என்று பார்த்துவிடுவது நல்லது.

உடம்புக்குள் பல கடிகாரங்கள் ஓடுகின்றன. மூளையில் உள்ளது வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்ளும். கல்லீரல், கணையம், தசை ஆகியவற்றின் கடிகாரங்கள் சாப்பாட்டு நேரத்துக்கும் உடல் அசைவுக்கும் ஏற்பத் தங்களைத் திருத்திக்கொள்ளும். இவற்றை இயக்கும் மரபணுக்களைப் பழ ஈக்களில் ஆராய்ந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. சுகர் உள்ளவர்களுக்கு இதில் முக்கியம் தசை. இன்சுலின் உத்தரவில் இரத்தத்தை விட்டு வெளியேறும் குளுக்கோஸில் பெரும்பங்கு தசைக்குத்தான் போகிறது. எலிகளின் தசையில் மட்டும் பிமால்1 என்ற கடிகார மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். இன்சுலின் இருந்தும் தசை குளுக்கோஸைச் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, காலை நடைக்கு வருவோம். விடியற்காலையில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும், கல்லீரல் சர்க்கரையை வெளியே விடும். இரவு ஒன்றும் சாப்பிடாமலே காலையில் அளவு கூடி நிற்பது இதனால்தான். அந்த நேரத்தில் கடுமையான பயிற்சி செய்தால் என்ன ஆகும்? ஸ்வீடனில் டைப் 2 சர்க்கரை நோயுள்ள 11 ஆண்களை இரண்டு வாரம் காலையிலும், இரண்டு வாரம் பிற்பகலிலும் ஒரே பயிற்சியைச் செய்ய வைத்தார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வில் பிற்பகல் பயிற்சி சர்க்கரையைக் குறைத்தது, காலைப் பயிற்சி கூட்டியது. ஆனால் அது மூச்சு வாங்கவைக்கும் தீவிரப் பயிற்சி, ஆட்களும் கொஞ்சம்பேர். இதை நம்பி யாரும் காலை நடையை விட வேண்டாம். காலை வெளிச்சம் மூளைக் கடிகாரத்துக்கு நல்லது, பழகிய பழக்கமும் பெரிய சொத்து.

மாலைப் பயிற்சி காகிதத்தில் ஜெயிக்கிறது. சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வீடு வந்து சேர்பவருக்கு மாலை என்று ஒன்று மிஞ்சினால்தானே!

என் ஓட்டு மூன்றாவதுக்கு, அதாவது சாப்பிட்டதும் பத்து நிமிட நடைக்கு. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் டைப் 2 உள்ள 41 பேரை வைத்து ஒப்பிட்டார்கள்: நாளில் ஏதாவது ஒரு நேரத்தில் 30 நிமிட நடை, அல்லது மூன்று வேளையும் சாப்பிட்டதும் 10 நிமிட நடை. 2016-இல் வெளியான முடிவின்படி, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை இரண்டாவது முறையில் 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டை மட்டும் எடுத்தால் 22 சதவீதம்! இரவில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் ஏற ஏற, இன்சுலின் சுரக்கும் கணையம் மந்தமாகிறது. ஆரோக்கியமானவருக்கும் அதே உணவு காலையைவிட இரவில் சர்க்கரையை அதிகம் ஏற்றும். நாமோ ஒன்பதரைக்கு மேல் சோறோ தோசையோ சாப்பிட்டு அப்படியே சோபாவில் சாய்கிறோம். அசையும் தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமலே குளுக்கோஸை உள்ளே இழுக்கும். கணையம் சோர்ந்த அந்த வேளையில் இதைவிட மலிவான உதவி இல்லை. லால்பாக் அதற்குள் மூடியிருக்கும். தெருநாய் பயம் இருந்தால் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டோ மொட்டைமாடியோ போதும்.

மான்யதா, வைட்ஃபீல்ட் பக்க ஐடி கம்பெனிகளுக்கு நைட் ஷிஃப்ட் போகிறவர்களின் நிலைமை வேறு. தூக்கத்தையும் சாப்பாட்டையும் தலைகீழாக்கிய 2009-ஆம் ஆண்டு அமெரிக்கச் சோதனையில், இன்சுலின் 22 சதவீதம் கூடியும் குளுக்கோஸ் 6 சதவீதம் ஏறியது. நைட் ஷிஃப்ட்காரர்கள் பெரிய சாப்பாட்டை ஷிஃப்டுக்கு முன்பே முடித்துவிட்டு, நள்ளிரவில் லேசாக ஏதாவது எடுத்துக்கொள்வது மேல்.

உங்களுக்கு எது பொருந்தும் என்பதைக் குளுக்கோமீட்டரே சொல்லும். சில நாள் நடந்தும், சில நாள் நடக்காமலும், இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரத்தில் பார்த்துக் குறித்துவையுங்கள். இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் மாலை, இரவுப் பயிற்சியைக் கூட்டும் முன் டாக்டரிடம் பேசிவிடுங்கள். தூக்கத்தில் லோ சுகர் வந்தால் தெரியாமலே போகலாம்.